கடலில்லா ஊரில் ஒரு படகுக் கொலை!

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் மாதங்கி கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்து 'ஹலோ' என்றாள்.

"மேடம்... அங்கே தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"சொல்லுங்க. தமிழ்தான்."

"மேடம்... என்னைக் கொல்லப் பாக்கறாங்க!"

மாதங்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"எங்கே?"

"வங்காள விரிகுடாவுலங்க!"

"..."

"ஹலோ? மேடம்?"

"நீங்க இப்ப எங்கேயிருந்து பேசறீங்க?"

"சனத்நகர்ல இருந்துங்க. கியர் ஃபேக்டரிக்குப் பக்கத்து ஷெட்டு."

மாதங்கி பேனாவை மூடினாள்.

"சார்... வங்காள விரிகுடா எங்க லிமிட்ல வராது. ஹைதராபாத்ல இருந்து கடலுக்கே முன்னூறு கிலோமீட்டர். நக்கோ... வேணாம். வேலை நேரத்துல விளையாடாதீங்க."

"வெச்சிடாதீங்க மேடம்! அடுத்த வாரம் நான் கடலுக்குப் போறேன். போனா செத்துடுவேன். எவனோ எங்க படகோட கம்பியை அறுத்து வெச்சிருக்கான். அரம் போட்டு!"

அவன் குரலில் இருந்த நடுக்கம் நிஜமாக இருந்தது.

மாதங்கி தொப்பியை எடுத்துக் கொண்டாள்.

"ஜேம்ஸ்... ஜீப்பை எடுங்க!"

*

2007, பிப்ரவரி. வியாழக்கிழமை காலை பத்தரை மணி.

மாதங்கி பிறந்து வளர்ந்தது எல்லாம் ஹைதராபாத். அப்பா மத்திய அரசு உத்தியோகம். ஹெட் கான்ஸ்டபிள் ஜேம்ஸ் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்வாசி... பூர்வீகம் திருநெல்வேலி. அந்த ஸ்டேஷனில் தமிழில் வரும் அழுகைகள் எல்லாம் இந்த இரண்டு பேர் மேஜைக்குத்தான் தள்ளிவிடப்படும்.

ஷெட்டின் இரும்புக் கதவைத் தாண்டி உள்ளே நுழைந்த ஜேம்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம்... ஹவ்... ஆமா! நெஜமாவே கப்பல்!"

தகரக் கூரைக்குக் கீழே, மரக்கட்டைகளின் மேல், இருபத்தெட்டு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு உட்கார்ந்திருந்தது. ஃபைபர் உடம்பு. வெள்ளைப் பெயின்ட். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'சாகரிகா' என்று ஒரு பெயர். பாய்மரம் மட்டும் தனியாகக் கழற்றப்பட்டு, முக்காலிகளின் மேல் நீளமாகப் படுத்திருந்தது.

பக்கத்து லேத் பட்டறைகளின் சத்தம் காதைப் பிளந்தது.

"நான்தாங்க போன் பண்ணினது. வெங்கட்."

இருபத்தொன்பது வயது. கோயமுத்தூர்க்காரன். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. நேற்றோடு விட்டுவிட்டான்.

"இவர் சம்பந்தம் அங்கிள். படகு இவருது. நான் இவரோட கூட்டாளிங்க."

சம்பந்தத்துக்கு ஐம்பத்தொன்பது வயது. ராணுவத் தளவாட நிறுவனம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் வெள்ளைத் தொப்பி. தொப்பியில் தங்கக் கலரில் ஒரு நங்கூரம்.

"வாங்கம்மா... இவன் சும்மா பயந்துட்டான். போலீஸெல்லாம் எதுக்கு?"

"ஏன் சார்... கடலே இல்லாத ஊர்ல கப்பல் கட்டறீங்க?"

"கட்டலைம்மா. பழைய படகு. காக்கிநாடாவுல ஒருத்தர்கிட்ட வாங்கி லாரியில கொண்டாந்தேன். கடல் எங்கேயும் ஓடிடாது. ஆனா நட்டு, போல்ட்டு, வெல்டிங்... இதெல்லாம் சனத்நகரை விட்டா எங்க கிடைக்கும் சொல்லுங்க? ஒண்ணரை வருஷமா ரிப்பேர் பண்றோம். அடுத்த வியாழன் காக்கிநாடாவுல தண்ணியில இறக்கறோம். அங்கேயிருந்து போர்ட் பிளேர்... அப்புறம் மலேசியா... அப்படியே..."

கையை ஆட்டி உலகம் முழுவதையும் காட்டினார்.

"கம்பியைக் காட்டுங்க."

வெங்கட் காட்டினான். பாய்மரம் பின்னால் சாயாமல் முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற எஃகுக் கம்பி. விரல் தடிமன். பத்தொன்பது இழைகள் முறுக்கியது.

அதில் பதினைந்து இழைகள் அறுக்கப்பட்டிருந்தன!

"மிச்சம் நாலுங்க மேடம். நல்ல காத்துல பாயை விரிச்சோம்னா... டப்! மரம் எங்க மண்டையில விழும்."

மாதங்கி குனிந்து பார்த்தாள். கீழே சிமென்ட் தரையில் இரும்புத்தூள் மினுமினுத்தது. கொலைகாரன் அதைத் துடைத்துவிடக்கூட மெனக்கெடவில்லை.

"பூட்டை உடைச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. சாவி மூணு. என்கிட்ட ஒண்ணு, அங்கிள்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு அங்கிள் வீட்டு ஆணியில தொங்கும்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"ராமச்சந்திரன்னு ஒருத்தருங்க! படகை எங்களுக்கு வித்தவரு. தினம் போன் பண்ணி மெரட்டறார். படகைத் திருப்பிக் குடு... கடலுக்குக் கொண்டுபோனே, நல்லா இருக்க மாட்டேன்னு!"

சம்பந்தம் தொண்டையைச் செருமினார்.

"வெங்கட்... உயிர்தான் முக்கியம். நான் என்ன சொல்றேன்னா... ஒரு ஆறு மாசம் தள்ளிப் போட்டுடலாம்."

"அங்கிள்! எனக்கு ஆபீஸ்ல கேக் வெட்டி, பாட்டுப் பாடி அனுப்பிட்டாங்க அங்கிள்! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுத் திரும்பிப் போறது?"

*

ஜீப்பில் உட்கார்ந்தபடியே மாதங்கி காக்கிநாடா நம்பரைப் போட்டாள்.

"ராமச்சந்திரனா? போலீஸ். சம்பந்தம் சாரை எதுக்கு மெரட்டறீங்க?"

மறுமுனையில் ஒரு விசும்பல் கேட்டது.

"மேடம்... என் கஷ்டம் உங்களுக்குப் புரியாது. இந்த எழவுப் படகைத் தொலைச்சுட்டு வீட்டோட இருன்னு என் பெண்டாட்டி இருபது வருஷம் சொன்னா. சரின்னு வித்தேன். வீட்டோட இருந்தேன். ஒண்ணரை வருஷம் என்னை நாள் பூரா பார்த்தா. இப்ப... போய் அந்தப் படகை எப்படியாவது திருப்பி வாங்கிட்டு வாங்கன்னு உயிரை எடுக்கறா!"

"ஹைதராபாத் வந்தீங்களா?"

"எங்க வர்றது? டயாலிசிஸ்ல இருக்கேன் மேடம். வாரம் மூணு நாள். வேணும்னா ஆஸ்பத்திரியில கேட்டுக்கங்க."

கேட்டாள். உண்மை.

"ஜேம்ஸ்... ஒரு ஆள் அவுட். சம்பந்தம் வீட்டுக்கு விடுங்க."

*

கனகவல்லி கதவைத் திறந்தாள்.

ஐம்பத்து நாலு வயது. நெற்றியில் விபூதி. கையில் அரிவாள்மணையிலிருந்து எழுந்து வந்த ஈரம். போலீஸைப் பார்த்து அவள் பதறவில்லை.

"உட்காருங்கம்மா. மோர் சாப்பிடறீங்களா?"

"உங்க வீட்டுக்காரர் போற படகுல யாரோ கம்பியை அறுத்திருக்காங்க. தெரியுமா?"

"இப்பதான் போன் பண்ணிச் சொன்னாங்க."

"பயமா இல்லை?"

"பயந்து என்னம்மா ஆகப் போகுது?"

அவள் மோர் டம்ளரை நீட்டினாள். நகக்கண்களில் ஏதோ வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததை மாதங்கி பார்த்தாள்.

"கையில என்னம்மா அது?"

"கோலமாவு."

ஆணியில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

"அவர் போறது உங்களுக்குப் பிடிக்கலையோ?"

கனகவல்லி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"படகு போகணும்மா. கண்டிப்பா போகணும்."

வெளியே வந்ததும் ஜேம்ஸ் கிசுகிசுத்தார்.

"மேடம்... புருஷன் போயே ஆகணும்னு இந்தம்மா இவ்வளவு ஆசைப்படுது. கம்பியோ அறுந்திருக்கு. ரெண்டையும் கூட்டிப் பாருங்க... விபூதி வெச்ச வில்லி!"

மாதங்கி ஜீப்பில் ஏறினாள்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் வெங்கட்!

"மேடம்... சீக்கிரம் வாங்க! ஷெட்டுக்குள்ள மறுபடி ஆள் வந்திருக்கான்!"

"இப்ப எதை அறுத்தான்?"

"அறுக்கலைங்க... ரிப்பேர் பண்ணியிருக்கான்!"

ஜீப் பறந்தது.

நேற்று அறுந்து கிடந்த கம்பியைக் காணோம். அந்த இடத்தில் புத்தம்புதுக் கம்பி! முனைகள் பளபளவென்று அழகாக அழுத்தி மாட்டப்பட்டிருந்தன. கீழே கிடந்த இரும்புத்தூளைக்கூடப் பெருக்கி, ஒரு பேப்பரில் மடித்து ஓரமாக வைத்திருந்தார்கள்.

ஜேம்ஸ் தலையில் கை வைத்துக் கொண்டார்.

"என் சர்வீஸ்ல பிணத்தை மறைச்சவனைப் பார்த்திருக்கேன். கத்தியைக் கழுவினவனைப் பார்த்திருக்கேன். கொலை பண்ண வந்த இடத்துல ரிப்பேர் வேலை பார்த்துட்டுப் போனவனை இப்பதான் மேடம் பார்க்கறேன்!"

"இன்னொண்ணும் இருக்குங்க மேடம்..." வெங்கட் படகின் பின்பக்கத்துக்கு அழைத்துப் போனான். "சுக்கானைப் பாருங்க."

சுக்கானைப் படகோடு சேர்த்துப் பிடிக்கும் கட்டை விரல் தடிமனான எஃகு ஆணியைக் காணோம்.

அந்த ஓட்டையில் ஒரு மெழுகுவர்த்தி சொருகியிருந்தது!

வெள்ளை வெளேரென்ற, கடையில் விற்கிற, சாதாரண மெழுகுவர்த்தி!

"நடுக்கடல்ல சுக்கான் கழண்டா... அவ்வளவுதாங்க. காத்து எங்க கொண்டுபோகுதோ அங்க போக வேண்டியதுதான்."

"ஒரே நேரத்துல ஒருத்தன் உடைக்கறான். ஒருத்தன் ஒட்டறான்..." மாதங்கி முணுமுணுத்தாள். "ரெண்டு பேர்!"

அப்போதுதான் சம்பந்தம் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

அவர் முகம் வெளுத்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"யாரு... யாரும்மா கம்பியை மாத்தினது? யாரு சரி பண்ணினது?"

அவர் கை வெடவெடவென்று ஆடியது.

மாதங்கி அவரையே பார்த்தாள்.

நேற்று கம்பி அறுந்தது தெரிந்தபோது இந்த மனிதர் அசரவில்லை. இன்று கம்பி சரியானதும் நடுங்குகிறார்!

கைக்கு? ஏன்?

*

மதியம் இரண்டேகால். பக்கத்துப் பட்டறைகளில் சாப்பாட்டு இடைவேளை.

வெங்கட்டை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. சம்பந்தத்திடம், 'போலீஸ் கேஸை மூடிவிட்டது, நாளைக்கு லாரியில் படகை ஏற்றலாம்' என்று சொல்லியாயிற்று. ஷெட்டுக் கதவையும் பூட்டியாயிற்று.

உள்ளே... படகின் அறைக்குள் மாதங்கியும் ஜேம்ஸும்!

தகரக் கூரை காய்ந்து அடுப்பாகக் கொதித்தது. ஃபைபர் நெடி மூக்கைத் துளைத்தது.

"மேடம்..."

"உஷ்!"

"மேடம்... என் கை வரமாட்டேங்குது."

"என்னது?"

"இங்க பலகையில புதுசா ஏதோ பூசியிருக்காங்க. தெரியாம கையை வெச்சுட்டேன். ஒட்டிக்கிச்சு!"

"அது ரெசின், ஃபைபர் ஒட்டற பசை. இழுக்காதீங்க... தோல் வந்துடும். அப்படியே இருங்க."

"எவ்வளவு நேரம் மேடம்?"

"கொலைகாரன் வர்ற வரைக்கும்."

ஐந்து நிமிஷம்... பத்து நிமிஷம்...

க்ளிக்!

பூட்டு திறந்தது. வந்த ஆள் கதவை உள்பக்கமாக மறுபடி பூட்டும் சத்தம்.

செருப்புச் சத்தம் நெருங்கியது. படகின் ஓரமாக ஏணி சாய்த்து வைக்கப்படும் சத்தம். யாரோ மூச்சு வாங்க ஏறி மேல்தளத்துக்கு வந்தார்கள்.

ஒரு பெருமூச்சு...

பிறகு... 'க்ரீச்... க்ரீச்... க்ரீச்...'

ரம்பம்!

மாதங்கி துப்பாக்கியை உருவிக்கொண்டு கதவை உதைத்துத் திறந்து மேலே பாய்ந்தாள்.

"அசையாதே!"

ரம்பம் கீழே விழுந்தது.

கைகளைத் தூக்கியபடி நின்றவர்... கேப்டன் சம்பந்தம்!

"சுட்டுடாதீங்கம்மா! என் படகு... என் ரம்பம்..."

"அறுக்கறது நீங்களா?"

அவர் அப்படியே மேல்தளத்தில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியை மடியில் வைத்துக் கொண்டார்.

"ஆமா."

"வெங்கட்டைக் கொல்ல நினைச்சீங்களா?"

"ஐயய்யோ! அவன் கண்டுபிடிக்கணும்னுதாம்மா பண்ணினேன்! கண்டுபிடிச்சாத்தானே பயணம் தள்ளிப் போகும்? அதனாலதான் தூளைக்கூடத் துடைக்கலை. மெழுகுவர்த்தியை வெள்ளையாவே வெச்சேன்."

"பயணத்தைத் தள்ளிப் போடறதுக்கா? போக விருப்பம் இல்லேன்னா போகலைன்னு சொல்லிட்டுப் போறதுதானே?"

சம்பந்தம் நிமிர்ந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்குத் தண்ணின்னா பயம்மா. ஹுசேன்சாகர்ல புத்தர் சிலைக்குப் போற லாஞ்சுல ஏறிட்டு, கிளம்பறதுக்குள்ள குதிச்சு இறங்கினவன் நான்."

"அப்புறம் எதுக்கு சார் படகு?"

"ரிட்டயர்மென்ட் பார்ட்டியில பேசச் சொன்னாங்க. எனக்கு முன்னால பேசினவன்லாம் பேரன் பேத்தி, கோயில் குளம்னான். என் முறை வந்தப்ப... என்னமோ தோணிச்சு... 'நான் பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தப் போறேன்'னுட்டேன். ஹாலே எழுந்து நின்னு கை தட்டிச்சும்மா. முப்பத்து நாலு வருஷத்துல எனக்கு ஒருத்தனும் கை தட்டினதில்லை. அப்புறம் டி.வி.க்காரன் வந்தான். காலனியில கேப்டன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. படகை வாங்காம இருக்க முடியலை."

கீழேயிருந்து ஜேம்ஸின் குரல் வந்தது. "மேடம்... கை..."

"இருங்க ஜேம்ஸ்! சார், ரிப்பேர்லயே காலத்தை ஓட்டிடலாம்னு பார்த்தீங்களா?"

"ஆமா. பழைய படகு... ரிப்பேருக்கா பஞ்சம்? ஆனா பாருங்க, நான் எதை உடைச்சாலும் வெங்கட் கண்ணுல படறதுக்கு முன்னால அது சரியாயிடுது! அடியில ஓட்டை போட்டேன். மறுநாள் ஓட்டையைக் காணோம். பாயைக் கிழிச்சேன். தையல் போட்டிருக்கு. இஞ்ஜின்ல சக்கரையைக் கொட்டினேன். டாங்கைக் கழுவி வெச்சிருக்கு. ஒண்ணரை வருஷமாம்மா! எவன்னு தெரியலை... ஆவியான்னு தெரியலை... இந்தத் தடவைதான் முதல் தடவையா வெங்கட் முந்திக்கிட்டான். அதையும் ஒரே நாள்ல சரி பண்ணிடுச்சு!"

"ஆவி லேத் பட்டறையில கம்பி வாங்காது சார்."

க்ளிக்!

பூட்டு மறுபடியும் திறந்தது!

மாதங்கி சம்பந்தத்தின் வாயைப் பொத்தி, உள்ளே இழுத்துக் கொண்டாள்.

மெல்லிய காலடிகள். ஏணி ஆடவில்லை... பழக்கப்பட்ட கால்கள். காய்கறி வாங்கும் ரெக்ஸின் பை ஒன்று மேல்தளத்தில் வைக்கப்படும் சத்தம். உள்ளே இரும்பு சாமான்கள் உரசின.

"ம்... இன்னிக்கு இங்கேயா கை வெச்சிருக்காரு..."

பெண் குரல்!

மாதங்கி கதவைத் திறந்தாள்.

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஒரு கையில் ஸ்பேனரும் இன்னொரு கையில் எஃகு ஆணியுமாக நின்றாள்... கனகவல்லி! நேற்று அவள் நகக்கண்ணில் பார்த்தது கோலமாவு இல்லை, ஃபைபர் பூச்சு என்று மாதங்கிக்கு இப்போது புரிந்தது.

அவள் அலறவில்லை. மாதங்கியைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த புருஷனைப் பார்த்தாள்.

"நீங்களும் இருக்கீங்களா?"

"கனகம்... நீயா?" சம்பந்தம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். "உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"புஸ்தகம் வாங்கிக் குவிச்சது நீங்க. கண்ணு தெரியலை, படிச்சுச் சொல்லுன்னீங்க. பதினோரு புஸ்தகம். படிச்சது யாரு?"

"நான் உடைக்கறேன்னு...?"

"முதல் ஓட்டையிலேயே தெரியும். ரம்பத்தை வீட்டு அலமாரியில இருந்து எடுத்துட்டு, மறுபடி தலைகீழா வைப்பீங்க."

மாதங்கி குறுக்கிட்டாள்.

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவார். நிறுத்தினா படகை வித்துடுவார். அதுவும் இல்லாம..." அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. "இவர் உடைக்கலைன்னா நான் எப்படிம்மா கத்துக்கறது? இப்ப இந்தப் படகுல எந்த இடம் போனாலும் என்னால சரி பண்ண முடியும்."

"அவரை ஊரை விட்டு அனுப்பறதுல உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

"அவரை அனுப்பறதுக்கு இல்லைம்மா." கனகவல்லி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "நான் போறதுக்கு!"

சம்பந்தத்தின் கையிலிருந்து தொப்பி நழுவி விழுந்தது.

"கல்யாணமாகி முப்பத்து ரெண்டு வருஷம். மாயவரம், ஹைதராபாத், திருப்பதி... இவ்வளவுதான் நான் பார்த்த உலகம். போர்ட் பிளேருக்கு எப்படிப் போறதுன்னு படிச்சுக் காட்டும்போதெல்லாம் இவர் தூங்கிடுவார். எனக்குத் தூக்கம் வராது."

"ஆனா படகு ஓட்டத் தெரியணுமே கனகம்?"

"செவ்வாய், வெள்ளி ஹுசேன்சாகர்ல கத்துக்கிட்டேன்."

"செவ்வாய், வெள்ளி நீ திருப்புகழ் கிளாஸுக்குல்ல போனே!"

"பதினாறு மாசத்துல ஒரு பாட்டாவது நான் வீட்டுல பாடிக் கேட்டீங்களா?"

சம்பந்தம் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்தார்.

"மேடம்..." உள்ளேயிருந்து ஜேம்ஸ் பரிதாபமாகக் கூவினார். "குடும்பப் பிரச்னை முடிஞ்சுதுன்னா என்னைக் கொஞ்சம் பிரிச்சு விடறீங்களா?"

கனகவல்லி பையிலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டே நிமிஷத்தில் ஜேம்ஸின் கை விடுதலையானது.

*

கேஸ் எழுத ஒன்றுமில்லை. தன் படகைத் தானே அறுத்தவர் மேல் எந்த செக்ஷன் போடுவது என்று ஜேம்ஸுக்குத் தெரியவில்லை. புகார் கொடுத்த வெங்கட், விஷயம் கேள்விப்பட்டு ஒரு மணி நேரம் கத்தினான். அப்புறம் கனகவல்லி அவன் கையில் கடல் வரைபடத்தைக் கொடுத்து, "நீ என்னோட வர்றியாப்பா? எனக்கு ஒரு ஆள் வேணும்" என்று கேட்டதும் அடங்கினான்.

"ஆன்ட்டி... கேப்டன் நீங்களா?"

"நான்தான்."

"அப்ப வர்றேனுங்க. நீங்க ரிப்பேர் பண்ணின படகுன்னா நம்பி ஏறலாம்."

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் வாங்களேன்."

சம்பந்தம் படகைத் தடவிப் பார்த்தார்.

"என்னால முடியாது கனகம். நீ போயிட்டு வா. போர்ட் பிளேர் போனதும் போன் பண்ணு."

நங்கூரத் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்தார். அது காது வரை இறங்கியது.

*

அடுத்த வியாழக்கிழமை. காக்கிநாடா படகுத்துறை. காலை ஏழரை மணி.

லீவு போட்டுவிட்டு மாதங்கியும் ஜேம்ஸும் வந்திருந்தார்கள். இப்படி ஒரு கேஸின் முடிவைப் பார்க்காமல் இருக்க இரண்டு பேராலும் முடியவில்லை.

சாகரிகா தண்ணீரில் மிதந்தது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. பாய்மரம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

ஆனால்...

"அவர் எங்கே?" கனகவல்லியின் கண்கள் கரையெல்லாம் தேடின.

"ஆறு மணிக்கு என்னோட இட்லி சாப்பிட்டாருங்க ஆன்ட்டி. அப்புறம் காணோம். போனும் சுவிட்ச் ஆஃப்."

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். தண்ணீர் மட்டம் இறங்க ஆரம்பித்தது. இனி நின்றால் துறையை விட்டு வெளியேற முடியாது.

"வழியனுப்பக்கூட வர முடியலை அவரால..." அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். "கயித்தை அவிழ்த்து விடுப்பா வெங்கட்."

சாகரிகா நகர்ந்தது. துறைமுகச் சுவரைத் தாண்டியதும் வெள்ளைப் பாய் விரிந்தது. காற்று அதை நிரப்பியது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்ற கனகவல்லி ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எட்டே முக்கால் மணி.

"மேடம்!!!"

ஜேம்ஸின் அலறல்!

படகுத்துறையின் கடைசிக் கோடியில் அவர் சிலையாக நின்றிருந்தார். மாதங்கி ஓடினாள்.

விளிம்பில்... ஒரு ஜோடி செருப்பு!

தண்ணீரைப் பார்த்தபடி, ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தது.

ஒரு செருப்புக்கு அடியில் மடித்த காகிதம். மாதங்கி பிரித்தாள்.

'கனகம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. பயத்தோடு வாழ்ந்தது போதும். யாரும் என்னைத் தேட வேண்டாம்.

சம்பந்தம்.'

"கர்த்தாவே..." ஜேம்ஸ் சிலுவை போட்டுக் கொண்டார்.

"டைவர்ஸைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!"

உள்ளூர் முங்கு நீச்சல்காரர்கள் நாலு பேர் குதித்தார்கள். குமிழிகள் வந்தன. தலைகள் வந்தன. உதடுகளைப் பிதுக்கிவிட்டு மறுபடியும் மூழ்கின.

ஒன்பது மணி... ஒன்பதரை...

மாதங்கி கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொலைவில் வெள்ளைப் பாய் ஒரு நகத்துணுக்காகத் தெரிந்தது. அந்தம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

அவள் செல்போன் அடித்தது.

வெங்கட்!

"மேடம்... கேக்குதுங்களா? சிக்னல் போயிடும்..."

"வெங்கட்... ஆன்ட்டியைப் பக்கத்துல உட்கார வை. நான் ஒரு கெட்ட சேதி சொல்லணும்."

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும் மேடம்! முன்னால பாய் சுருட்டி வைக்கிற அறையில ஏதோ முனகற சத்தம் கேட்டுச்சுங்க. திறந்தா... பாய்த்துணிக்கு நடுவுல... அங்கிள்!"

"என்னது?!"

"உயிரோட இருக்காருங்க! எல்லார் முன்னாலயும் ஏறினா பயந்து இறங்கிடுவேன்னு இட்லி சாப்பிட்ட கையோட உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாராம்! வெளியில தண்ணி கண்ணுல படாம இருந்தா சமாளிச்சுடலாம்னு!"

"அப்ப செருப்பு?"

"படகுல செருப்புக் காலோட ஏறக் கூடாதுன்னு ஆன்ட்டி படிச்ச புஸ்தகத்துல இருக்காம் மேடம்! எங்க கண்ணுல படாம இருக்கணும்னு கடைசிக் கோடியில கழட்டி வெச்சாராம்!"

போன் கை மாறியது. கனகவல்லி. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல்.

"உங்களையெல்லாம் ரொம்பப் பதற வெச்சுட்டார்ம்மா. மன்னிச்சுக்கங்க."

"திருட்டுத்தனமா படகுல ஏறியிருக்கார். கரைக்குத் திருப்பிக் கொண்டாந்து விடறீங்களா?"

"எதுக்கு? வந்தவருக்கு சமையல் வேலை குடுத்துட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நல்லா உரிக்கறார்..."

சிக்னல் அறுந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு ஜேம்ஸ் ஓடி வந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். நீச்சல்காரர்களோடு அவரும் இறங்கியிருக்கிறார்.

"மேடம்... அடி வரைக்கும் அலசியாச்சு. பாடி கிடைக்கவே இல்லைங்கறாங்க. இன்னும் தேடணுமான்னு கேக்கறாங்க."

"எல்லாரையும் மேலே வரச் சொல்லுங்க ஜேம்ஸ்," என்றாள் மாதங்கி. "பாடி நடுக்கடல்ல உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கு!"